எஞ்சினின் புகைக் குழாயும் எண்ணெய்ச் செலவும்

1900-களின் தொடக்கத்தில் ஆல்பிரட் சாட்டர்டன் துரை அந்நாளைய சென்னை மாகாணத்தில் எண்ணெய் எஞ்சின் இறைவையைப் பரவச் செய்தார். நூறாண்டு கடந்தும் புகைக் குழாயின் அளவை நம்மவர் கவனிப்பதில்லை என்பது என் அபிப்பிராயம்.

பூந்தமல்லி, ஆவடிப் பக்கங்களில் டீசல் எஞ்சினால் நீர் இறைப்போர், மலிவு கருதிக் குறுகிய குழாயை நீளமாகப் பொருத்தலாகாது. எரிந்த வாயு தடையின்றி வெளியேறாவிடில், உருளையில் புதுக் காற்றுக்கு இடம் குறையும், எண்ணெய் முற்றும் எரியாது, கரும்புகை தோன்றும், சக்தி குன்றும். விட்டம் பாதியானால் தடை ஏறக்குறைய 32 மடங்காகும்.

ஆகவே, குழாய் எஞ்சினின் புகை வாயளவுக்குக் குறையாதிருக்க வேண்டும். நீளமும் வளைவும் மிகுந்தால் ஒரு படி அகலமானதே தக்கது. அதற்கு மேல் பெரிதாக்கினால் இரும்பே வீண். குழாயில் ஒருமுறை மிச்சம் பிடித்து, எண்ணெயில் நாள்தோறும் இழப்பது சிக்கனமாகாது. கிராம உத்தியோகஸ்தர்கள் இதனைக் குடியானவர்களுக்கு எடுத்துரைப்பார்களாக.