தந்தையோடு ஒரு மிதிவண்டிப் பயணம்

சுற்றுலா என்றால் தொலைதூரம் என்று எண்ணுகிறோம். நான் அதை மறுக்கிறேன்.

அரையாண்டுத் தேர்வில் மதிப்பெண் குறைந்ததிலிருந்து அப்பா என்னிடம் பேசுவதில்லை. ஒரு தைத் திங்கள் காலை, “வாடா” என்று மட்டும் சொன்னார். ஆளுக்கொரு மிதிவண்டியில் சூளூர்பேட்டையிலிருந்து புறப்பட்டோம். ஸ்ரீஹரிகோட்டா செல்லும் சாலை. இருபுறமும் பழவேற்காடு ஏரி. ஆழமற்ற நீரில் பூநாரைக் கூட்டம். 2023 சூலை 14 அன்று சந்திரயான்-3 விண்ணுக்கு எழுந்த தீவு எதிரே!

கடற்காற்று எதிர்த்தது. அப்பாவுக்கு மூச்சு வாங்கியது. வாழ்வில் முதன்முறையாக அவருக்காக நான் நின்றேன். “எட்டாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டதடா” என்றார். அதுவரை நான் அறியாத செய்தி அது.

பேருந்தில் அருகருகே அமர்ந்தும் பேசாமலே ஊர்போய்ச் சேரலாம்; மிதிவண்டியிலோ ஒருவருக்காக ஒருவர் நின்றே ஆகவேண்டும். நண்பர்களே! வரும் விடுமுறையில் தொலைவில் உள்ள மலைகளைக் காணுமுன், பெற்றோரோடு பக்கத்து ஊரைக் காணுங்கள்.