முதலில் குடியை நிறுத்திவிட்டு வாருங்கள்

“முதலில் குடியை நிறுத்துங்கள், மனச்சோர்வைப் பிறகு பார்க்கலாம்.” நம் நாட்டு மனநல வெளிநோயாளர் பிரிவுகளில் இந்த வாசகம் அறிவியலின் குரலில் சொல்லப்படுகிறது. குடிநோய் மீட்பு மையத்தின் வாசலிலோ இதன் மறுபாதி கேட்கும்: “இவருக்கு மனநோய் இருக்கிறது, இங்கே வைத்துக்கொள்ள இயலாது.” இரண்டு வாசல்களுக்கும் நடுவே நிற்பவரைப் பற்றியது இப்பதிவு. சற்று நீளம், பொறுத்தருள்க.

இவ்வாசகத்திற்கு ஒரு பிறப்பிடம் உண்டு. குடிநோய்க்காக உள்நோயாளராகச் சேர்ந்த ஆண்களின் சோர்வு அறிகுறிகள், குடி நின்ற சில வாரங்களில் பெருமளவு தணிவதை 1988இல் பிரவுனும் ஷக்கிட்டும் காட்டினர். அமெரிக்க மனநல மருத்துவச் சங்கத்தின் நோய் வகைப்பாட்டு நூலும் ஏறத்தாழ ஒரு மாதத்தை எல்லைக்கோடாகக் கொண்டது. மது விளைவித்த சோர்வையும் தனித்து நிற்கும் சோர்வையும் பிரித்தறிய அது பயனுள்ள விதியே. ஆனால் அது நோய்க்குப் பெயரிடுவதற்கான விதி. அதைச் சிகிச்சைக்கான நுழைவுச் சீட்டாக மாற்றியவர்கள் நாம். அதே நூல், சோர்வு குடிக்கு முந்தியதா என்று வரலாற்றைக் கேட்கவும் சொல்கிறது. பத்தொன்பது வயதில் சோர்வு தொடங்கி இருபத்தெட்டில் குடி வந்து சேர்ந்த ஒருவரிடம் நான்கு வாரக் காத்திருப்பு எதை மெய்ப்பிக்கப் போகிறது?

இன்னொன்று: மதுச்சார்பு முற்றியவரை “நிறுத்திவிட்டு வா” என்று வீட்டுக்கு அனுப்புவது ஆபத்தானது. திடீரென நிறுத்தினால் வலிப்பும் பிதற்றல் நிலையும் வரக்கூடும், உயிரும் போகலாம். கண்காணிப்பில் நிறுத்த வேண்டியதை நிபந்தனையாக விதிப்பதற்குக் கண்டிப்பு என்று பெயர் சூட்டுகிறோம்.

நாட்பட்ட மனச்சோர்வு என்பது இரண்டாண்டுக்கும் மேல் நீடிப்பது. தான் செய்யும் எதற்கும் விளைவில்லை என்னும் முடிவு அந்நோயாளியிடம் இறுகிப் போயிருக்கும். அந்த இறுக்கத்தை உடைக்கவென்றே ஜேம்ஸ் மெக்கல்லோ ஒரு உளச்சிகிச்சை முறையை வகுத்தார். ஒரு நிகழ்வை எடுத்துக்கொண்டு, என்ன நடந்தது, அதற்கு என்ன பொருள் கொண்டீர்கள், என்ன செய்தீர்கள், என்ன விளைந்தது, எது விளைய வேண்டுமென விரும்பினீர்கள் என்று படிப்படியாகக் கேட்பது அம்முறை. மாலையில் மனைவியிடம் ஒரு சொல் பேச விரும்பியவர், பேசாமல் மதுக்கடைக்குப் போகிறார். இதில் சோர்வு எங்கே முடிகிறது, குடி எங்கே தொடங்குகிறது? ஐந்து கேள்விகளும் இரண்டையும் ஒருசேரத் தொடுகின்றன.

ஆனால் 2000இல் நியூ இங்கிலாந்து மருத்துவ இதழில் வெளியாகி இம்முறைக்குப் புகழ் தந்த பெரும் ஆய்வைப் பாருங்கள். மருந்து மட்டும் 48 விழுக்காடு, உளச்சிகிச்சை மட்டும் 48, இரண்டும் சேர்ந்தால் 73 என்று நாம் வகுப்புகளில் மனப்பாடமாய்ச் சொல்லும் எண்கள் அதனுடையவைதாம். அண்மைக் காலத்தில் மதுச்சார்பு இருந்தவர்களை அந்த ஆய்வு சேர்த்துக்கொள்ளவில்லை. பின்னாளில் வர்ஜீனியாவில் பென்பர்த்தி குழுவினர் இவ்விரட்டை நோயாளரிடம் சிறிய அளவில் இம்முறையை முயன்றனர். அவ்வளவே.

நம் நாட்டுக்கு வருவோம். கோவாவின் ஆரம்ப சுகாதார நிலையங்களில் சங்கத் அமைப்பு நடத்திய இரு ஆய்வுகள் 2017இல் லான்செட்டில் வந்தன. சாதாரணக் கல்வி பெற்ற ஆலோசகர்களைக் கொண்டே உளச்சிகிச்சை தர இயலும் என்று அவை காட்டின. இந்திய உளவியலில் இதைவிடப் பெருமைக்குரிய பணி அரிது. ஆயினும் கடுஞ்சோர்வுக்கு ஒரு கையேடு, தீங்கான குடிக்கு வேறொரு கையேடு. குடி பற்றிய முதன்மை ஆய்வில் ஆடிட் அளவுகோலில் 12 முதல் 19 வரை பெற்ற ஆண்களே இடம்பெற்றனர். மதுச்சார்பு ஐயத்திற்குரிய 20க்கு மேற்பட்டோர் அதில் இல்லை.

நிர்வாகமும் இவ்வாறே பிளந்து கிடக்கிறது. மாவட்ட மனநலத் திட்டம் சுகாதார அமைச்சகத்தினுடையது. போதை மறுவாழ்வு மையங்களுக்கு நிதி தருவது சமூக நீதி அமைச்சகம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டமோ, மது, போதைப்பொருள் பயன்பாட்டோடு சார்ந்த மனநிலைகளையும் மனநோய் என்ற வரையறைக்குள்ளேயே வைத்திருக்கிறது. சட்டம் ஒன்றாக்கியதைக் கோப்புகள் பிரித்து வைத்திருக்கின்றன. 2015–16ஆம் ஆண்டின் தேசிய மனநலக் கணக்கெடுப்பின்படி, சோர்வுற்றோரில் சுமார் 85 விழுக்காட்டினரும் மதுசார் கோளாறு உடையோரில் சுமார் 86 விழுக்காட்டினரும் சிகிச்சை பெறாதவர்கள். இரண்டும் உள்ளவரின் நிலையை இந்த எண்களில் தேடினால் கிடைக்காது.

“சேர்த்துத் தரும் சிகிச்சைக்குச் சான்று வலுவில்லையே” என்பர். 2014இல் ரைப்பர் குழுவினர் 12 ஆய்வுகளைத் தொகுத்துக் கண்ட பயன் சிறிது என்பது உண்மைதான். ஆனால் சோர்வு, குடி இரண்டிலும் பயன் இருந்தது. தனித்தனியே வாசல்களில் நிறுத்தி வைப்பதற்கு இவ்வளவு சான்றாவது உண்டா? போதையோடு அமர்வுக்கு வருபவரிடம் அன்று பேசிப் பயனில்லை என்பதை ஒப்புகிறேன். அவருக்கு மறுநாள் நேரம் ஒதுக்கலாமே. கோப்பை ஏன் மூட வேண்டும்?

ஆய்வு மாணவர்களிடம் ஒரு வேண்டுகோள். உங்கள் ஆய்வு முன்மொழிவில் விலக்கல் நெறி என்ற தலைப்பின் கீழ் “மது, போதைச் சார்பு உள்ளோர்” என்ற வரியை நாம் எல்லோரும் முந்தைய ஆய்வேட்டிலிருந்து படியெடுத்து ஒட்டுகிறோம். அடுத்த முறை அந்த வரிக்குக் காரணம் ஒரே ஒரு வாக்கியத்தில் எழுதிப் பாருங்கள். எழுத முடிந்தவர்கள் இங்கே பின்னூட்டத்தில் இடுங்கள், வாதிடக் காத்திருக்கிறேன்.