அடுப்படியும் பாசறைத் தீயும்

சாரணர் முகாமின் உயிர் கூடாரத்தில் இல்லை. அடுப்படியிலும் பாசறைத் தீயிலுமே உள்ளது என்பது எமது துணிபு.

1907 ஆகஸ்டில் பிரௌன்சீ தீவில் பேடன் பவல் சுமார் 20 சிறுவர்களை அணிகளாகப் பிரித்துத் தங்கவைத்தார். இரவில் தீயைச் சுற்றி அமர்த்திக் கதை கூறினார். அம்மரபின் தொடர்ச்சியாக 2025 சனவரி இறுதியில் மணப்பாறை சிப்காட் வளாகத்தில் வைரவிழாப் பெருந்திரளணி நிகழ்ந்தது. தொழிற்பேட்டை மண்ணில் கூடாரங்கள் எழுந்தமை, ஒரகடத்தை அடுத்து வாழும் நமக்கு நம்பிக்கை தருவதாகும்.

ஆயினும், நாம் கண்ட முகாம்கள் சிலவற்றில் உணவு வேனில் வந்திறங்குகிறது. பாட்டை ஒலிபெருக்கி பாடுகிறது. மாணவர் கைகட்டி அமர்ந்திருக்கின்றனர்.

பாத்திரமில்லாச் சமையல் வெறும் வேடிக்கையன்று. மண் பூசிய கிழங்கைத் தணலில் சுட்டு, குச்சியில் சுற்றிய மாவை வாட்டி உண்பவன் தாயின் உழைப்பை உணர்கிறான். புலால் உண்ணாத தோழனுக்குத் தனிச் சட்டி வைக்கவும், ஹலால் பேணும் தோழனின் உணவில் கவனம் கொள்ளவும் அணித்தலைவன் அங்கேதான் கற்கிறான். சமய நல்லிணக்கத்திற்கு இதனினும் சிறந்த பாடம் உண்டோ?

2022-இல் மத்தியத் தொல்லியல் துறையின் அகழாய்வில் கற்கருவிகள் வெளிப்பட்ட வடக்குப்பட்டு நம் அருகிலேயே உள்ளது. சாரணர் அங்கு நடந்து செல்லட்டும், கிட்டிப்புள் ஆடட்டும், இரவில் ஊர்ப் பெரியோரைத் தீயருகே அமர்த்திப் பழங்கதை கேட்கட்டும். மரம் வெட்ட வேண்டா. உதிர்ந்த சுள்ளியே போதும்.

நாளுக்கு ஒருவேளையேனும் மாணவர் தம் கையால் சமைத்துண்ணப் பொறுப்பாசிரியர்கள் வழிசெய்வார்களாக! சோறு சற்றுக் குழையலாம், உள்ளம் பக்குவப்படும்.