வீட்டுப் பூனையும் தீவுப் பறவையும்

பூனை விந்தையான தோழன். அழைத்தால் வாராது, நாம் படிக்க அமர்ந்தால் புத்தகத்தின் மேலேயே படுத்துக்கொள்ளும். ஆயினும், வயிறு நிறைந்திருந்தாலும் வேட்டையாடுவது அதன் இயல்பு.

நிக்கோபார் தீவுகளில் வாழும் மெகாபோடு பறவை, கடலோரக் காட்டில் மணலையும் சருகையும் குவித்து, அம்மேட்டினுள் முட்டையிடும். குஞ்சு தாயின் துணையின்றித் தானே மண்ணை விலக்கி வெளிவரும். 2004ஆம் ஆண்டு ஆழிப்பேரலை அம்மேடுகள் பலவற்றை அழித்தது. மனிதரோடு வந்த பூனையும் நாயும் எஞ்சிய பறவைகளுக்குப் பகையாயின.

இது பூனையின் குற்றமன்று. பேணாமல் விட்டவரின் குற்றம். நம் முன்னோரைப் போலவே பூனையும் கடல் கடந்து இங்கு வந்தது. வந்த இடத்தின் உயிர்களைக் காப்பது நம் கடமை. ஆதலால், பூனையை இரவில் வீட்டினுள்ளே வைப்போம். வளர்க்க இயலாத குட்டிகளைக் காட்டோரம் விடாதிருப்போம்.