கண் கேட்டவருக்குக் கிடைத்த கோல்

நீண்ட நாள் வியாதிக்காரரைப் பார்க்க வருகிறவர்கள் சொல்வதில் ஒன்றை மட்டும் என்னால் பொறுக்க முடிவதில்லை. "முழு நம்பிக்கையோடு வேண்டிக்கொள்ளுங்கள், கட்டாயம் சரியாகிவிடும்" என்பதுதான் அது. என் மனைவிக்கு முடக்குவாதம் வந்து பதினான்கு வருடங்கள் ஆகின்றன. அவள் வேண்டாத தெய்வம் இல்லை. அப்படியானால் அவளுடைய நம்பிக்கை போதவில்லை என்றுதானே பொருள்? வலி போதாதென்று பழியையும் அல்லவா வைத்துவிட்டுப் போகிறார்கள்!

இப்படிச் சொல்பவர்கள் தவறாமல் அப்பர் பெருமானைத் துணைக்கு அழைப்பார்கள். திருவதிகையில் பதிகம் பாடியதும் அவருடைய சூலை நோய் நீங்கியது உண்மை. ஆனால் அதே பெரியபுராணத்தில் சுந்தரரும் இருக்கிறாரே! திருவொற்றியூரில் சங்கிலியாருக்குக் கொடுத்த வாக்கை மீறிப் புறப்பட்டவருக்குப் பார்வை போயிற்று. திருவெண்பாக்கத்தில் கண்ணைக் கேட்டார், கிடைத்தது ஊன்றுகோல். அதை ஊன்றிக்கொண்டு காஞ்சிக்குப் போன பிறகு இடக்கண் கிடைத்தது. நடுவில் உடம்பில் பிணி வேறு வந்து, இன்று குத்தாலம் எனப்படும் திருத்துருத்தியில் தீர்ந்தது. வலக்கண்ணுக்குத் திருவாரூர் வரை காத்திருக்க வேண்டியிருந்தது.

அவர் வாயை மூடிக்கொண்டு காத்திருக்கவில்லை. வழியெல்லாம் இறைவனோடு வாதாடினார். திருவாரூரில் நேருக்கு நேர் கடிந்தே பாடினார். அந்தப் பதிகம் ஏழாம் திருமுறையில் பத்திரமாக இருக்கிறது. வெண்பாக்கத்துப் பழைய கோயில் பூண்டி நீர்த்தேக்கத்துக்குள் போய்விட்டது. புதிதாகக் கட்டிய கோயிலில் சுவாமியின் பெயர் ஊன்றீஸ்வரர். சுந்தரர் கோபத்தில் வீசிய கோல் பட்டு நந்தியின் கொம்பு முறிந்ததாக அங்கே சொல்கிறார்கள். ஆகவே, வலி தாங்காமல் சுவாமியைத் திட்டும் நோயாளியை யாரும் அடக்க வேண்டாம். பேச்சை நிறுத்தாதவரை உறவும் இருக்கிறது.

நம்மில் பலருக்குக் கண் கிடைப்பதில்லை, கோல்தான் கிடைக்கிறது. அதைச் சின்ன விஷயமாக நினைக்கக் கூடாது. 1922-ல் முதல் முறையாக ஒரு நோயாளிக்கு இன்சுலின் போடப்பட்டது. அதற்கு முன்பு சர்க்கரை வியாதி வந்த குழந்தை ஓரிரு வருடம் பிழைப்பதே அரிது. இன்சுலின் அந்த வியாதியைக் குணப்படுத்துவதில்லை, நடக்க வைக்கிறது. வாரம் மூன்று நாள், நாலு மணி நேரம் செய்துகொள்ளும் டயாலிசிஸும் அப்படித்தான்.

ரயில்வேயில் கீமேன் என்று ஒருவர் உண்டு. தினமும் தன் பகுதித் தண்டவாளத்தை நடந்தே பார்த்து, தளர்ந்த இடங்களைச் சுத்தியலால் தட்டி இறுக்குவார். நேற்றுத்தானே இறுக்கினோம் என்று இன்று விட்டுவிட மாட்டார். வேளை தவறாமல் மாத்திரை போடுகிறவரைப் பார்த்தால் எனக்கு அவர் ஞாபகம்தான் வரும். பொறுமை என்று நான் மதிப்பது இதைத்தான்.

பெங்களூரிலிருந்து ரயிலைப் பிடித்து வைத்தீஸ்வரன் கோயிலுக்குப் போகும் குடும்பங்கள் பல. நாங்களும் போயிருக்கிறோம். போகட்டும், மருந்துப் பையும் கூடவே போகட்டும். நம்பிக்கையைக் காட்ட மருந்தை நிறுத்துகிறேன் என்று சிலர் கிளம்புகிறார்கள். இன்சுலினையே நம்பியிருக்கும் குழந்தைக்கு அதை நிறுத்தினால் சில நாட்களிலேயே உயிர் போய்விடும். முடக்குவாதத்தில் ஒருமுறை அரித்த மூட்டு பழையபடி ஆவதில்லை.

இன்னொரு கூட்டம், "எல்லாம் செய்த பாவம்" என்று தீர்ப்புச் சொல்லும். சுந்தரர் கதையில் காரணத்தைச் சேக்கிழார் சொல்லியிருக்கிறார். நம் பக்கத்து வீட்டுக்காரரின் காரணத்தை நமக்கு யார் சொன்னார்கள்? ரமண மகரிஷிக்கு இடது கையில் புற்றுக்கட்டி வந்தது. 1949-ல் மட்டும் நான்கு முறை அறுவை செய்தார்கள். ரேடியம் சிகிச்சையும் நடந்தது. கையை எடுத்துவிட மட்டும் அவர் சம்மதிக்கவில்லை. 1950 ஏப்ரல் 14 இரவு சமாதி அடைந்தார். அன்று மாலைகூட அன்பர்கள் வரிசையில் வந்து அவரைத் தரிசித்துவிட்டுத்தான் போனார்கள். அவர் என்ன பாவம் செய்தார் என்று அந்த வரிசையில் யார் கேட்டிருப்பார்கள்?