உப்பேரியில் ஒரு கற்சுருள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் பெரும் உப்பேரி என்னும் நீர்நிலை உள்ளது. அதன் வடகிழக்குக் கரையிலுள்ள ரோசல் முனையிலிருந்து கற்பாதை ஒன்று ஏரியை நோக்கி நீண்டு, கடிகார முள்ளின் திசைக்கு எதிராகச் சுருண்டு, தனக்குள்ளேயே முடிந்துபோகிறது. அதன் நீளம் 1,500 அடி. அகலம் 15 அடி. எந்த ஊருக்கும் செல்லாத அப்பாதையை 1970ஆம் ஆண்டு ஏப்ரலில் அமைத்தவர் இராபர்ட் சுமித்சன் என்னும் கலைஞர். அவர் அதற்கு இட்ட பெயர் ஸ்பைரல் ஜெட்டி. தூரிகையும் உளியும் அவருக்குப் பயன்படவில்லை. சரக்குந்துகளையும் மண்வாரி எந்திரங்களையும் கொண்டு, அக்கரையிலேயே கிடைத்த எரிமலைக் கருங்கற்களையும் மண்ணையும் 6,000 டன்னுக்கு மேல் இடம்பெயர்த்து அவர் இதனை உருவாக்கினார். நிலத்தையே பொருளாகவும் களமாகவும் கொள்ளும் இவ்வகைப் படைப்பை நிலக்கலை என்பர்.

கோடை விடுமுறையில் குழந்தைகளோடு இதனைக் காணச் செல்லும் குடும்பங்கள் பல. சால்ட் லேக் நகரத்திலிருந்து மகிழுந்தில் இரண்டு மணி நேரத்திற்கும் மேலாகப் பயணம் செய்ய வேண்டும். 1869இல் கிழக்கிலிருந்தும் மேற்கிலிருந்தும் வந்த இருப்புப்பாதைகள் ஒன்றிணைந்த புரோமன்டரி என்னும் இடத்தைக் கடந்தபின் தார்ச்சாலை முடிந்து சரளைப்பாதை தொடங்குகிறது. அதன்பிறகு கடையில்லை, குடிநீரில்லை, கழிப்பறையில்லை. பின்னிருக்கையில் அமர்ந்திருக்கும் சிறுவர்கள், “இன்னும் எவ்வளவு தூரம்?” எனக் கேட்டுக் கேட்டு ஓய்ந்து, சன்னலுக்கு வெளியே பார்க்கத் தொடங்குவர். புழுதியும் புதரும் மேயும் மாடுகளுமாக அந்நிலம் விரிந்துகொண்டே செல்லும்.

சில கற்களைக் காண்பதற்கு இவ்வளவு தொலைவு செல்ல வேண்டுமா என்று கேட்பவர்கள் உண்டு. வானிலிருந்து எடுக்கப்பட்ட ஒளிப்படங்களில் அச்சுருள் முழுமையாகத் தெரிகிறது. கரையில் நிற்பவருக்கோ அவ்வளவு தெளிவாகத் தெரிவதில்லை. இவ்வளவு உண்மை அக்கேள்வியில் இருக்கிறது. சுமித்சனே இப்படைப்பைப் பற்றித் திரைப்படம் ஒன்றையும் எடுத்தார். கட்டி முடித்த ஓரிரு ஆண்டுகளில் ஏரியின் நீர்மட்டம் உயர்ந்து கற்பாதை மூழ்கிவிட்டது. அதன்பின் ஏறத்தாழ முப்பது ஆண்டுகள் உலகம் அதனைப் பெரும்பாலும் படங்களிலேயே கண்டது. சுமித்சனோ 1973இல், டெக்சாசில் மற்றொரு படைப்பிற்கான இடத்தை வானிலிருந்து பார்வையிடும்போது விமான விபத்தில் மறைந்தார். அப்போது அவருக்கு வயது 35.

ஆயினும் படம் காட்டுவது வடிவத்தை மட்டுமே. கற்பாதையில் நடக்கும் சிறுமிக்கு, முன்னால் செல்லும் தம்பி சற்று நேரத்தில் பக்கத்தில் வருகிறான். பிறகு எதிர்த்திசையில் செல்கிறான். கைநீட்டும் தொலைவில் இருப்பவனை அடைய இன்னொரு முழுச்சுற்று நடக்க வேண்டியிருக்கிறது. ஒருமுறை மலை எதிரே நிற்கிறது, மறுமுறை அடிவானம். மையத்தை அடைந்தால் அங்கே ஒன்றுமில்லை. குழந்தைகள் அதனை ஏமாற்றமாகக் கொள்வதில்லை, திரும்ப ஓடுகின்றனர். பெரியவர்கள்தாம் அங்கு நின்று பொருள் தேடுகின்றனர். அருங்காட்சியகத்தில் ‘தொடாதே’ என்னும் பலகைக்கு அஞ்சி ஒதுங்கி நிற்கும் குழந்தை, இங்கே கலையின்மீது கால்பதித்து நடக்கிறது. சரளைப்பாதையின் சலிப்பும் அதற்கு வேண்டியதே. அந்த வெறுமையைக் கடந்து வந்த கண்ணுக்குத்தான் மனிதர் கையால் நேர்ந்த ஒரு வளைவு இவ்வளவு பெரிதாகப் படுகிறது.

ஆனால், அங்குச் செல்லும் குழந்தை கேட்கக்கூடிய கேள்வி ஒன்று உண்டு: “தண்ணீர் எங்கே, அப்பா?”

தந்தையர் இக்கேள்வியைத் தட்டிக்கழித்துவிட்டு ஒளிப்படம் எடுக்கத் தொடங்குவது தகாது. சுமித்சன் இவ்விடத்தைத் தேர்ந்தெடுத்ததற்கு நீரின் நிறமே காரணம். 1959இல் இருப்புப்பாதைக்காக எழுப்பப்பட்ட கரை ஏரியை இரண்டாகப் பிரித்தது. ஆற்றுநீர் குறைவாகவே வந்து சேரும் வடபகுதியில் உப்பு மிகுந்தது. உப்பில் வாழும் நுண்ணுயிர்கள் அந்நீரை இளஞ்சிவப்பாக்கின. அந்தச் செந்நீரைக் கருங்கல்லால் சுற்றி வளைப்பதே அவரது எண்ணம். இன்றோ கற்சுருளைச் சுற்றி வெண்மையான உப்புத்தரை கிடக்கிறது. நீரின் விளிம்பு தொலைவில் ஒரு கோடாகத் தெரிகிறது.

2002இல் வறட்சியால் நீர் வடிந்து கற்பாதை வெளிப்பட்டபோது கலை ஆர்வலர்கள் மகிழ்ந்தனர். அம்மகிழ்ச்சிக்குள் ஓர் இழப்பும் இருந்தது. இவ்வேரிக்கு ஆறுகள் வந்து சேர வழியுண்டு. நீர் வெளியேற ஆவியாதலைத் தவிர வேறு வழியில்லை. வேளாண்மைக்கும் நகரங்களுக்கும் ஆற்றுநீர் திருப்பப்படும்போது வரவு குறைகிறது, செலவு குறைவதில்லை. 2022இல் ஏரியின் மட்டம், பதிவான காலத்திலேயே மிகக் குறைந்த நிலையைத் தொட்டது. வறண்ட ஏரிப்படுகையிலிருந்து காற்று கிளப்பும் புழுதியில் ஆர்செனிக் உள்ளது. ஏரிக்கு வரும் இலட்சக்கணக்கான பறவைகள் உப்புநீர் இறாலையும் ஈக்களையும் உண்டு வாழ்பவை. உப்பு மிகுந்தால் அவையும் குறையும்.

காலமும் இயற்கையும் தம் படைப்பை மாற்றட்டும் என்பதே சுமித்சனின் விருப்பம் என்று கூறி அமைதி கொள்வோர் உள்ளனர். சிதைவில் அவருக்கு ஈடுபாடு இருந்தது மெய்யே. ஆனால், மழை பொய்த்துச் சுருங்கும் ஏரியும் வாய்க்கால்களால் வற்றவைக்கப்படும் ஏரியும் ஒன்றல்ல. முன்னதை இயற்கையின் போக்கு எனலாம். பின்னதில் மனிதர் எடுத்த முடிவுகள் உள்ளன, அவற்றை மாற்றவும் முடியும். கல்லைப் பெயர்த்து எடுத்துச் செல்லாதீர், குப்பையை விட்டுச் செல்லாதீர், தீ மூட்டாதீர் என்று அங்கு வருவோரிடம் வேண்டிக்கொள்கின்றனர். பெரும்பாலோர் அதற்கு இணங்கியே நடக்கின்றனர். ஒரு கல்லுக்குக் காட்டும் அவ்வளவு கவனம், அக்கல்லைச் சூழ்ந்திருந்த நீருக்குக் கிட்டவில்லை.

கற்சுருளின் மையத்திலிருந்து நீர்விளிம்பு வரை உப்பின்மேல் நடந்து செல்லலாம். காலடியில் படிகங்கள் நொறுங்கும். எத்தனை அடிகள் என எண்ணிக்கொண்டே செல்லும் சிறுமி, நீரைத் தொடுமுன் பலமுறை எண்ணிக்கையைத் தவறவிடுவாள்.