புழலுக்கா, ஆஸ்பத்திரிக்கா?



ஒரு கேள்வி. உங்க வீட்டிலோ பக்கத்து வீட்டிலோ ஒரு பையன் கஞ்சாவுக்குப் பழகிட்டான், இல்லேன்னா வலி மாத்திரையைக் கரைச்சு ஊசியில் ஏத்திக்கிறான்னு தெரிய வருது. யாருக்கு போன் போடுவீங்க?

10581ன்னு சிலர் சொல்வீங்க. அது போலீஸ் நம்பர். விற்கிறவனைப் பற்றித் தகவல் கொடுக்க அது வேணும், தப்பே இல்லை. ஆனா அந்தப் பையனுக்கு வைத்தியம் பார்க்கணுமே? அதுக்கு 14446. ஒன்றிய சமூக நீதி அமைச்சகத்தின் இலவச உதவி எண். இந்தப் பதிவைப் படிக்கிறதுக்கு முன்னாடி இந்த நம்பர் உங்கள்ல எத்தனை பேருக்குத் தெரியும்? கமெண்ட்ல உண்மையைச் சொல்லுங்க.

2022 ஆகஸ்டில் ‘போதைப்பொருள் இல்லா தமிழ்நாடு’ என்று மாநிலம் முழுக்கப் பள்ளிப் பிள்ளைகள் உறுதிமொழி எடுத்தார்கள். அதே வருஷம் ‘கஞ்சா வேட்டை 2.0’ நடந்தது. எத்தனை கிலோ பிடிபட்டது, எத்தனை பேர் கைது என்று அறிக்கைகள் வந்தபடியே இருந்தன. எத்தனை பேர் பழக்கத்திலிருந்து மீண்டார்கள் என்ற கணக்கை யாராவது கேட்டோமா? 2025 ஜூனில் நுங்கம்பாக்கம் போலீசார் கொக்கைன் வழக்கில் சினிமாக்காரர்களைக் கைது செய்தபோதும் டிவி விவாதமெல்லாம் யார் யாரோடு பார்ட்டிக்குப் போனார் என்பதைச் சுற்றித்தான். சிகிச்சை என்ற சொல்லே காணோம்.

இப்போ சட்டத்துக்கு வருவோம். 1985ஆம் ஆண்டின் என்.டி.பி.எஸ். சட்டம், பிரிவு 27: போதைப்பொருள் உட்கொண்டாலே குற்றம். ஹெராயின், கொக்கைன் என்றால் ஓராண்டு வரை சிறை, கஞ்சா என்றால் ஆறு மாதம் வரை. இது எல்லோருக்கும் தெரியும். அதே சட்டத்தில் பிரிவு 64ஏ என்று ஒன்று இருக்கிறது. பழக்கத்துக்கு அடிமையான ஒருவர் சிறிய அளவு வைத்திருந்தார், அல்லது உட்கொண்டார் என்று வழக்கு வந்தால், அவர் தானாக முன்வந்து அங்கீகரிக்கப்பட்ட மருத்துவமனையில் சிகிச்சையை முடித்தால் அந்த வழக்கிலிருந்து பாதுகாப்பு உண்டு. பிரிவு 39இன்படி, தண்டனைக்குப் பதிலாகச் சிகிச்சைக்கு அனுப்ப நீதிமன்றத்துக்கும் அதிகாரம் உண்டு. புதுசா யாரும் சலுகை கேட்கலை. நாடாளுமன்றமே எழுதி வெச்ச கதவு இது. அந்தக் கதவு இருக்குன்னு ஸ்டேஷனில் உட்கார்ந்து அழுகிற அம்மாவுக்கு யார் சொல்றது?

மந்தைவெளி அபார்ட்மென்ட் பையன் மாட்டினால் வக்கீல் வருவார், ‘படிக்கிற பிள்ளை’ என்பார்கள், சத்தமில்லாமல் ஒரு தனியார் மையத்தில் சேர்த்துவிடுவார்கள். நொச்சிக்குப்பத்துப் பையன் அதே பொட்டலத்தோடு மாட்டினால் ரிமாண்ட். ஜாமீன் போட ஆள் கிடைக்கும்வரை புழல். அங்கே அவனுக்குப் பழக்கமாகிறவன் யார் என்று நான் சொல்ல வேண்டியதில்லை. தி.நகர் ஜவுளிக்கடையில் நாள் முழுக்க நின்று வேலை பார்த்துவிட்டுக் கடை விடுதியில் தூங்குகிற வெளியூர்ப் பசங்களோ வாயே திறக்க மாட்டாங்க. தெரிஞ்சா வேலை போயிடும்.

வேறு வழி இருக்கிறதா என்று கேட்பவர்கள் அடையாறு வரை போய்ப் பார்க்கலாம். 1980இல் தொடங்கிய டி.டி.ரங்கநாதன் மருத்துவ ஆராய்ச்சி அறக்கட்டளை இந்திரா நகரில் நடக்கிறது. டி.டி.கே. ஆஸ்பத்திரி என்றால் ஆட்டோக்காரருக்கும் தெரியும். தொடங்கியவர் சாந்தி ரங்கநாதன். பணத்துக்கோ பேருக்கோ குறைவில்லாத டி.டி.கே. குடும்பத்தில் தன் கணவரைக் குடிக்கு இழந்தவர் அவர். இது நோய், இதற்கு மருந்தும் வேண்டும், கவுன்சலிங்கும் வேண்டும், கூடவே வீட்டில் இருப்பவர்களுக்கும் சிகிச்சை வேண்டும் என்று அன்றே சொன்னார். 1992இல் பத்மஸ்ரீ கொடுத்துப் பாராட்டினோம். பாராட்டினதோட சரி. ஒரு தொண்டு நிறுவனம் ஒரு தெருவில் செய்து காட்டியதை அரசு வார்டு வார்டாகக் கொண்டுபோயிருக்க வேண்டாமா? 2025இல் மாநில அரசு ‘கலங்கரை’ மீட்பு மையங்களைத் தொடங்கியது. வரவேற்கிறோம், ஆனா ரொம்ப லேட்.

அரசு விட்ட இடத்தில் யார் நுழைந்தார்கள் என்பதற்கு ராயப்பேட்டையே சாட்சி. 2022 மே மாதம் அங்கே ஒரு தனியார் மறுவாழ்வு மையத்தில் சேர்க்கப்பட்டவர் அடித்துக் கொல்லப்பட்டார். மையத்தைச் சேர்ந்தவர்கள் கைதானார்கள். 2017 மனநலச் சட்டப்படி இந்த மையங்கள் எல்லாம் பதிவு பெற்றிருக்க வேண்டும், ஆய்வு நடக்க வேண்டும். குணமாகட்டும் என்று பணம் கட்டி அனுப்பிய குடும்பத்துக்குப் பிணம் திரும்பி வந்தது.

வெறும் தடை என்ன செய்யும் என்பதற்கு மாத்திரைக் கதையைப் பாருங்க. டிராமடால் மாத்திரையை 2018இல் என்.டி.பி.எஸ். பட்டியலில் சேர்த்தார்கள். நல்லதுதான். அதன் இடத்தை டேபென்டடால் பிடித்துக்கொண்டது. இன்று சென்னையில் ‘வலி நிவாரண மாத்திரை பறிமுதல்’ என்று வரும் செய்திகளில் அடிக்கடி அடிபடும் பெயர் அதுதான்.

2019இல் ஒன்றிய அரசுக்காக எய்ம்ஸ் நடத்திய ஆய்வு வெளிவந்தது. மதுவுக்கு அடிமையானவர்களில் 38 பேரில் ஒருவருக்குத்தான் ஏதாவது சிகிச்சை கிடைத்திருக்கிறது. மற்ற போதைப்பொருள்களில் 20 பேரில் ஒருவர். மிச்சப் பேர் எங்கே போவாங்க?

போர்ச்சுகல் 2001இல் வேறு வழியில் போனது. விற்றால் இன்றும் அங்கே சிறைதான். சொந்த உபயோகத்துக்குப் பத்து நாள் அளவுக்குள் வைத்திருந்தால் கோர்ட் இல்லை. ஒரு குழு முன்னால் போய் உட்கார வேண்டும், அந்தக் குழு அவரைச் சிகிச்சைக்கு அனுப்பலாம். வெளிநாட்டுக் கதை வேண்டாம் என்றால் பஞ்சாப் இருக்கிறது. 2017 முதல் அங்கே அரசு மையங்களில் ஹெராயின் பழக்கத்துக்கு மாற்று மருந்து தருகிறார்கள். ஆஸ்பத்திரியில் படுக்காமலே வந்து வாங்கிக்கொண்டு வேலைக்குப் போகலாம்.

‘நோயாளின்னு சொல்லி விட்டுட்டா எல்லாருக்கும் துளிர் விட்டுப் போயிடாதா?’ நம்ம தோழர்களே கேட்கிறாங்க. நியாயமான பயம். ஸ்கூல் வாசலில் விற்கிறவனை விடச் சொல்லவில்லை. அவன் மேல் குண்டர் சட்டம் வரை போட வழி இருக்கிறது. வாங்கினவனையும் விற்றவனையும் ஒரே வேனில் ஏற்றாதே என்கிறோம், அவ்வளவுதான். வாங்கினவன் பயந்து ஒளிஞ்சா டாக்டர்கிட்டயும் வர மாட்டான்.

காசுக்கு எங்கே போவது என்று அரசு கேட்கக் கூடாது. 2023-24இல் டாஸ்மாக் மூலம் வந்த வருவாய் 45,855 கோடி ரூபாய். ரூபாய்க்கு ஒரு பைசா ஒதுக்கினாலே 458 கோடி. ஒவ்வொரு மண்டலத்திலும் மாநகராட்சி சுகாதார நிலையத்தில் வாரம் இரண்டு நாள் போதை மீட்பு டாக்டர், ஒரு கவுன்சலர், மாற்று மருந்து. ஒவ்வொரு போலீஸ் ஸ்டேஷனிலும் பிரிவு 64ஏ என்ன சொல்கிறது என்று தமிழில் ஒரு போர்டு. தனியார் மையங்களின் பதிவுப் பட்டியல் பொதுமக்கள் பார்வைக்கு. நம் கட்சி கேட்பது இதைத்தான்.

மயிலாப்பூர், தி.நகர், அடையாறு பகுதித் தோழர்கள் அடுத்த ஏரியா சபைக் கூட்டத்தில் கவுன்சிலரிடம் ஒரு கேள்வியை எழுத்தில் கொடுங்க: ‘நம்ம வார்டில் ஒரு பையன் திருந்தணும்னு நாளைக்குக் காலையில் கிளம்பினா எந்த அரசு ஆஸ்பத்திரிக்கு, எந்த டாக்டர்கிட்ட, எத்தனை மணிக்குப் போகணும்?’ பதிலை அப்படியே போட்டோ எடுத்து இங்கே போடுங்க. பதில் வரலைன்னாலும் போடுங்க.